கட்டிப்போட யாருமில்லை, ஆனாலும் வருகிறார்கள்

(இலங்கை மலையகத்து ஹட்டனில் பொங்கல் விழா மேடை. பட்டிமன்றத் தலைப்பு: "தன்னலம் கருதாத தொண்டும் தலைகுனியாத மானமும் இன்றைய மலையக இளைஞரிடம் வளர்ந்திருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா?" 'வளர்ந்திருக்கின்றன' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நாற்காலி கிடைத்தும் கிடைக்காமலும் இந்தக் குளிரில் எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே, தாய்மாரே, வாசலில் நின்று விசில் அடிக்கும் தம்பிமாரே! வழக்கே உங்களைப் பற்றித்தான், கொஞ்சம் அடக்கமாக இருந்தால் எங்கள் அணிக்கு நல்லது. எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் நன்றாகப் பேசினார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த பாட்டன் பூட்டனைச் சொன்னார். தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்ற கதையை நம்பி வந்தவர்கள், கடைசியில் அந்தத் தூருக்கே உரமாகிப் போனார்கள் என்றார். இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கப் போவதில்லை. அது என் பாட்டன் கதையும்தான். ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, "அப்பேர்ப்பட்ட தியாகிகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு என்ன செய்கிறார்கள்? தோட்டத்தை விட்டு ஓடுகிறார்கள், போனை நோண்டுகிறார்கள், கொழும்பில் போய் ஊரை மறைக்கிறார்கள்" என்று முடித்தாரே, அங்கேதான் எனக்குத் தகராறு.

நடுவர் அவர்களே, முதலில் தியாகம் என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொள்வோம்.

அந்தக் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. வாசலில் நிற்கும் தம்பிமாரில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம்" என்று எழுதிய துண்டு கையில் வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கட்டிய கடன் மறுபடி அவர் தலையிலேயே ஏறும். தோட்டம் மாறும், துரை மாறுவார், கடன் மட்டும் கூடவே வரும். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் மறியல், அதாவது சிறை. 1921 இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். சரி, அதற்குப் பிறகாவது விட்டார்களா? 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, நாடில்லாதவர்கள் ஆனோம். 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சமிருக்கும் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரிசி மூட்டையைப் பிரிப்பதற்குக்கூட அதைவிடக் கூடுதலாக யோசிப்போம்.

பாட்டன் தாங்கினார். பாட்டி தாங்கினாள். அதில் அன்பு இருந்தது, வைராக்கியம் இருந்தது, இல்லை என்று யார் சொல்வது? ஆனால் அவர்கள் பட்டதன் பெயர் பாடு, அண்ணே. போகிற வழியை எல்லாம் அடைத்து வைத்துவிட்டு, உள்ளே இருந்து தாங்கியவரைத் "தியாகி, தியாகி" என்று பூப்போட்டுக் கும்பிட்டால், அடைத்தவனுக்குத்தான் அது வசதி. பட்ட பாட்டுக்குப் பாடு என்றே பெயர் இருக்கட்டும். தொண்டு என்பது வேறு. போக முடிந்தவர் போகாமல் செய்வது, அல்லது போன பிறகு திரும்பி வந்து செய்வது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகளை யாரும் கட்டிப்போடவில்லை. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் கொழும்பு. பாஸ்போர்ட் எடுத்தால் கட்டார், டுபாய். துண்டும் வேண்டாம், துரையும் வேண்டாம். அப்படிப் போகக்கூடிய பிள்ளை இங்கே ஒரு காரியத்துக்குத் தோள் கொடுக்கிறது என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எதிரணி சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்று மூவாயிரம் பேரளவில் எடுத்தார்கள். ஏ.எல். படித்த பிள்ளைகள். மாதக் கொடுப்பனவு எவ்வளவு தெரியுமா? 6000 ரூபா. பிறகு அது 10,000 ஆனது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் மடித்து அடுக்குகிற வேலைக்குப் போயிருந்தால் அதைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்கும், சாப்பாடும் படுக்க இடமும் சேர்த்து. இந்த 6000 இல் பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், சேலை வாங்க வேண்டும், பிறகு பயிற்சிக் கலாசாலைக்கும் போய் வர வேண்டும்.

எதிரணி அண்ணன் சிரிக்கிறார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "நிரந்தர அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்றுதானே போனார்கள்?" ஆமாம் அண்ணே, அதற்குத்தான் போனார்கள். போகட்டுமே! மாதச் சம்பளத்துக்கு ஆசைப்படுவது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் பாவமா? நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதற்கு நான் மார்க் கேட்கவில்லை. எழுதாததைச் சொல்கிறேன். எங்கள் பாடசாலைக்கு அப்படி வந்த ஒரு பிள்ளை, பள்ளி விட்ட பிறகு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்தாள். காசு வாங்கவில்லை. கரண்ட் இல்லாத நாளில் போன் வெளிச்சம். முடிந்து, பணிய இருக்கிற லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, அவள் தேயிலைக்குள்ளால் நடந்து போக வேண்டும். சிறுத்தை நடமாட்டம் இருக்கிற மலை அது. சரி, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், "அம்மாமார் மலையிலிருந்து வர நேரமாகிறது டீச்சர், அதுவரைக்கும் இதுகள் ரோட்டில்தானே நிற்கும்" என்றாள். அவ்வளவுதான் அவள் கொடுத்த விளக்கம். சேவை, சமூகம், இனம் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை.

அந்த வகுப்பில் எத்தனை பேர் பாஸ் என்று அண்ணன் கேட்கிறார். அண்ணே, அங்கே வந்த பிள்ளைகளில் வீட்டில் மேசை இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டால் உங்களுக்குப் பதில் இருக்கிறதா? அதை விடுவோம்.

அடுத்து மானம். கொழும்பில் போய் ஊரை மறைக்கிறார்கள், தோட்டம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் கண்டி என்கிறார்கள், நுவரெலியா என்கிறார்கள் என்றார் அண்ணன். உண்மை. மறைக்கிறார்கள். நான் மூடி மறைக்கவில்லை. "தோட்டத்தான்" என்று ஒரு முதலாளி கூப்பிடும் தொனியை நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால், நீங்களும் கண்டி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். சரியான முகவரி என்று எழுதத்தான் எங்களுக்கு என்ன இருக்கிறது? எத்தனை லயங்களுக்கு இன்றைக்கும் தனி இலக்கமில்லை! தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் ஏறி, லயத்துக்கு வரும்போது நேர்முகத் தேர்வு முடிந்திருக்கும். முகவரியே கொடுக்காத இடத்தை மறைத்தான் என்று ஒருவனைக் குற்றக்கூண்டில் நிறுத்துகிறீர்கள்.

ஆனால் நடுவர் அவர்களே, அதே பிள்ளைகள் 2018 ஒக்டோபரில் என்ன செய்தார்கள்? கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் கம்பெனிகளிலும் வேலை செய்கிற ஆயிரக்கணக்கான மலையகப் பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு காலிமுகத்திடலில் திரண்டார்கள். எதற்கு? தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று. அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அந்தக் கோரிக்கை வென்றால் அங்கே நின்றவர்களுக்குச் சதம் கூடாது. கூடினால் அம்மாவுக்குக் கூடும், லயத்தில் இருக்கிற அத்தைக்குக் கூடும். அன்றுவரை ஊரைச் சொல்லத் தயங்கியவர்கள், தலைநகரில் கடலைப் பார்த்தபடி, கெமரா முன்னால், "எங்கம்மா கொழுந்து பறிக்கிறவ" என்று சொல்ல வந்து நின்றார்கள். கூட்டி வரச் சங்கத்து லொறியும் இல்லை. நீங்கள் திட்டுகிறீர்களே, அந்தப் போனிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். 2019 ஜனவரியில் 700 கொடுத்துச் சமாளித்தார்கள். ஆயிரம் வர 2021 ஆயிற்று. காலிமுகத்திடலில் நின்றவர்களுக்கு யாராவது மாலை போட்டோமா? பெயராவது தெரியுமா? மறுநாள் அந்தப் பிள்ளைகள் அதே கடையில் அதே துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

போனைப் பற்றி இதற்கு மேல் நான் பேச வேண்டுமா? வேண்டாம்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். 1940 இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூடு பட்டு விழுந்தார், 1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் விழுந்தார், அப்படி ஒருவரை இந்தத் தலைமுறையில் காட்டு என்றார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன், ஏனென்றால் அந்த இரண்டு பெயரையும் சொல்லும்போது தட்டத்தான் வேண்டும். ஆனால் அண்ணே, சிவனு லெட்சுமணன் யார்? நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள், நம் ஆட்களைக் கிளப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுந்த கூட்டத்தில் முன்னால் நின்ற இளைஞர். இளைஞர்! அவரைத் தூக்கி நீங்கள் 'அந்தக் காலத்துப் பெரியவர்' அணியில் உட்கார வைத்தால் எப்படி? அவர் எங்கள் அணி. இன்னும் ஒன்று கேட்கிறேன். குண்டு பட்டால்தான் உங்களுக்குக் கண் தெரியுமா? ஒரு பிள்ளை உயிரோடு இருந்து, சத்தமில்லாமல், வருடக்கணக்காக ஒன்றைச் செய்தால் அது பட்டியலில் வராதா?

உயிரோடு இருந்து செய்கிறவர்களை எங்கே பார்க்கலாம் என்றால், குளவி கொட்டுகிற இடத்தில் பார்க்கலாம். மலையில் குளவிக் கூடு கலைந்தால் என்ன நடக்கும் என்று இங்கே கொழுந்து எடுக்கிற தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் கீழே ஓடும்போது மேலே ஓடுகிற நாலு பையன்கள் எந்தத் தோட்டத்திலும் இருப்பார்கள். படங்கையோ சாக்கையோ மேலே போர்த்தி, விழுந்து கிடக்கிற பெண்ணை இழுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கும் கொட்டும். மறுநாள் பேப்பரில் "குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில்" என்று நாலு வரி வரும். தூக்கிக்கொண்டு வந்தவன் அந்த நாலு வரியில் இருக்க மாட்டான். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, நல்ல சேவை, நன்றி. ஆனால் வாகனம் ஏற முடியாத தோட்டத்து ரோடு எத்தனை! அதுவரைக்கும் கம்பளியில் கம்பு கோர்த்து ஆளைச் சுமந்து வருவது யார்? தவறணையில், சாராயக்கடையில் கிடக்கிறான் என்று நீங்கள் சொன்ன அதே பையனாகக்கூட இருக்கலாம். இருக்கட்டும். அந்த நேரத்தில் வந்தானா இல்லையா?

டித்வா புயல் வந்த 2025 நவம்பரை நான் இங்கே நினைவூட்டத் தேவையில்லை. நாடு முழுக்க 600க்கு மேல் உயிர் போனது, நம் மலைகள் எங்கெங்கோ சரிந்தன. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போன காலையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. பாதை அடைபட்டு, கரண்ட் போய், சிக்னலும் போன நாட்களில் அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியவர்கள் யார் என்று உங்கள் உங்கள் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் குழுவில் இரண்டு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் முகம் படத்தில் வரக் கூடாது. யாரையும் வரிசையில் நிற்க வைக்கக் கூடாது, கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வரிசை வேண்டாம் என்றதற்கு ஒரு தம்பி சொன்ன காரணம்: "பிரட்டுக்களத்தில் நின்றது போதாதா?" காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கிற இடம்தான் பிரட்டுக்களம். பொதியைக் கொடுத்துவிட்டு செல்பி எடுக்கிறார்கள் என்று குற்றம் சொன்னீர்கள். எடுக்கிறவர்கள் உண்டு. அவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்த படங்களில் நடுவில் நின்றவர்கள் எல்லாம் நரைத்த தலைகள்!

(நடுவர் அவர்கள் சிரிக்கிறார்கள். புள்ளி போட்டுக்கொள்ளுங்கள்.)

இரத்ததான முகாம்களுக்கும் வாருங்கள். நம் நாட்டில் 2014 முதல் இரத்தம் முழுக்க முழுக்கக் காசு வாங்காத தொண்டர்கள் கொடுப்பதுதான். விற்பனை கிடையாது, மாற்றுக்கு மாற்று கிடையாது. யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. யார் கொடுத்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது. சிங்களவரா தமிழரா முஸ்லிமா என்று அந்தப் பொதியில் எழுதியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடக்கும் முகாமில் பதினெட்டு வயது நிரம்பியதும் நிரம்பாததுமாக எங்கள் பிள்ளைகள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகளில் பலரை விரலில் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள், இரத்தத்தில் இரும்புச்சத்துப் போதாது, நிறை போதாது என்று. தனக்கே போதாத இரத்தத்தைக் கொடுக்க வந்த பிள்ளைகள்! திரும்பிப் போகாமல் அங்கேயே நின்று, கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்குப் பிளேன்டியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஓர் உறுத்தல் இருக்கிறது. எங்கள் அணிக்கு எதிராகப் போனாலும் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் நிற்கிற அக்காமார் கதை எல்லோருக்கும் தெரியும். ஓவர்டைம் செய்து தம்பியைப் படிக்க வைக்கிறாள், தங்கையைக் கட்டிக் கொடுக்கிறாள், கடைசியில் தன் கல்யாணத்தை மறந்து நிற்கிறாள். அவளைப் பற்றிப் பேசினால் மண்டபம் உருகும், புள்ளி கிடைக்கும். நான் அந்தப் புள்ளியை எடுக்கப் போவதில்லை. அவளிடம் யாராவது கேட்டோமா? தம்பி உழைத்து அக்காவைப் படிக்க வைத்த கதை எத்தனை லயத்தில் இருக்கிறது? மனைவி கொழுந்து எடுத்த சம்பளத்தைக் கணவன் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிய பழக்கம் இருந்த இடம் இது. அக்கா மனம் விரும்பிச் செய்தால் அது தொண்டு. கேட்காமலே அவள் தலையில் கட்டினால் அது வேறொரு துண்டுச் சீட்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததும் இந்தத் தலைமுறைதான். இப்போது பல்கலைக்கழகம் போகிற பெண்பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள், "ஏன் எப்போதும் நான்?" என்று. அதை அடங்காப்பிடாரித்தனம் என்று எதிரணி சொல்லும். மானம் என்று நான் சொல்கிறேன். கேட்டுவிட்டும் அவள் மாதம் முடிய வீட்டுக்குக் காசு அனுப்புகிறாள், அதுவும் நடக்கிறது.

பண்பாடு போய்விட்டது என்றும் ஒரு வரி வந்தது. மாசி மாதம் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்து விரதம் பிடித்து ஆடுகிற பையன்களை நீங்கள் பார்க்கவில்லை போலும். லீவு கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிட்டு வருகிறவனும் இருக்கிறான், அது புத்திசாலித்தனமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டாவது மணிக்குள் முடிக்கிறேன், நடுவர் அவர்களே.

தோட்டத்தை விட்டுப் போகிறவன் சுயநலக்காரன் என்பதுதான் எதிரணியின் ஆணிவேர். அவர்களில் அடுத்துப் பேச வருகிற அக்காவிடம் ஒரே கேள்வி. அவன் இங்கேயே இருக்க வேண்டும் என்றால் எதில் இருக்க வேண்டும்? ஒற்றைக் காம்பராவில், ஒரே அறையில் அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளை. இவன் எங்கே படுப்பான்? கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுகிற செக்ரோலில், அந்தச் சம்பளப் பதிவேட்டில், அவன் பெயரையும் எழுதிவிட்டால் உங்கள் கணக்கில் அவன் தியாகி ஆகிவிடுவானா? உங்கள் சொந்தப் பிள்ளையை அந்தச் செக்ரோலில் பதிய இந்த மேடையில் இருக்கிற யாராவது தயாரா? நானும் தயாரில்லை. அப்படியானால் போகிறவனைப் பார்த்து நாம் என்ன முகத்தோடு கேள்வி கேட்கிறோம் என்று அக்கா சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.